முதல் போஸ்டிங் வேதாரண்யம்: அங்கே இருந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

கொங்குப்பொண்ணு | ஜூன் 2, இரவு 9.40

வணக்கம்ங்க. வங்கித் தேர்வில் மூன்றாவது முயற்சியில் ஆபீசர் வேலை கிடைத்திருக்கிறது. பயிற்சி முடிந்து நேற்றுதான் கிளை ஒதுக்கினார்கள். வேதாரண்யம். மெயிலைப் பார்த்ததும் மேப்பில்தான் தேடினேன். பெரிதாக்கப் பெரிதாக்கக் கடலும் உப்பளமும்தான் வந்துகொண்டிருந்தது.

வயது 26. பிறந்தது, படித்தது, முதலில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்தது எல்லாமே கோவை, சிங்காநல்லூர் பக்கம். ஹாஸ்டலில்கூட இருந்ததில்லை. முதல் மாதம் அம்மா கூட வந்து இருப்பார், அப்புறம் தனியாகத்தான். அப்பா வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் தினமும் மூன்று தடவை "கோடியக்கரைக்கு எத்தனை கிலோமீட்டர்" என்று கேட்கிறார்.

எனக்குத் தெரிய வேண்டியது: வீடு கிடைக்குமா, தண்ணீர் எப்படி, தனியாக இருக்கிற பெண்ணுக்கு ஊர் எப்படி? முக்கியமாக, வாரா வாரம் கோவை வந்து போக முடியுமா? ஜூன் 17 சேர வேண்டும்.

உப்புக்காற்று | ஜூன் 2, இரவு 11.05

வாங்க வாங்க, எங்க ஊருக்கு. எனக்குச் சொந்த ஊர் தேத்தாகுடி, பிழைப்பு சென்னையில். எங்க ஊர்க்காரர்கள் பாதிப் பேர் வெளியே இருக்கிறோம், நீங்கள் உள்ளே வருகிறீர்கள். வேடிக்கைதான்.

வழியைச் சொல்கிறேன். கோவையிலிருந்து செம்மொழி எக்ஸ்பிரஸ் மன்னார்குடி வரைக்கும் வரும், ராத்திரி வண்டி. மன்னார்குடியில் இறங்கி திருத்துறைப்பூண்டி பஸ், அங்கிருந்து வேதாரண்யம் பஸ். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு ரயிலும் இருக்கிறது. மீட்டர் கேஜ் காலத்தில் நின்றுபோனது, அகலப் பாதை போட்டு 2023 ஏப்ரலில் திரும்ப விட்டார்கள், 37 கிலோமீட்டர். ஆனால் அதை நம்பி வேலைக்குப் போகாதீர்கள், நேரம் ஒத்து வராது. உப்பளத்துக்கு நடுவே போகிற வண்டி என்பதால் ஒரு தடவை சும்மா ஏறிப் பாருங்கள்.

தண்ணீர்: குடிக்கக் கொள்ளிடம் கூட்டுக் குடிநீர். மற்றதற்குப் போர் தண்ணீர். அது தெருவுக்குத் தெரு மாறும். மணல்மேட்டில் இருக்கிற வீடுகளில் பத்துப் பதினைந்து அடியிலேயே நல்ல தண்ணீர், அதே மேட்டிலிருந்து இறங்கி நாலு தெரு தள்ளிப் போனால் வாயில் வைக்க முடியாது. ஆகவே வீடு பார்க்கப் போகும்போது ஹாலையும் கிச்சனையும் அப்புறம் பாருங்கள். முதலில் குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துத் துப்புங்கள்.

துரு இன்னொரு கதை. கேட், பூட்டு, வண்டி சைலன்சர், ஃபிரிஜ்ஜின் பின்பக்கம், ஒன்றையும் விடாது இந்தக் காற்று. புது வண்டி எடுத்து வந்தால் அழுகை வரும். பழைய வண்டியாகக் கொண்டு வாருங்கள், அழுகை குறையும்.

மீன் சாப்பிடுவீர்களா? ஜூன் 14 நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. 17ஆம் தேதி நீங்கள் சேரும்போது ஆறுகாட்டுத்துறை மீன் கடைக்கு வந்திருக்கும். சரியான நேரம்தான்.

ஓய்வுபெற்ற மேலாளர் | ஜூன் 3, காலை 6.20

வாழ்த்துகள் அம்மா. 34 வருட சர்வீஸ், அதில் ஒன்பது வருடம் நாகை, திருவாரூர் பக்கக் கிளைகளில். சில விஷயங்கள்.

ஒன்று, இதை 'ரூரல் சர்வீஸ்' என்று கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. ரிசர்வ் வங்கிக் கணக்குப்படி பத்தாயிரம் பேருக்குக் கீழே இருக்கும் ஊர்தான் கிராமக் கிளை. வேதாரண்யம் நகராட்சி, 2011 கணக்கெடுப்பில் முப்பதாயிரத்தைத் தாண்டிய ஊர். அது செமி அர்பன். பிற்பாடு பதவி உயர்வுக்குக் கிராமச் சேவை கேட்டால் இன்னொரு தடவை பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கும். சேர்ந்ததும் உன் வங்கியின் மனிதவளச் சுற்றறிக்கையை வாசித்துவிடு. பலருக்கு இது தெரியாமல் நாற்பது வயதில், பிள்ளை பத்தாம் வகுப்பு படிக்கும்போது, ஆர்டர் வந்து நிற்கும்.

வீட்டை வங்கி லீஸில் எடுக்கலாம், ஆனால் வீட்டுக்காரரின் பான் கார்டு, வீட்டு வரி ரசீது, ஒப்பந்தம் எல்லாம் வேண்டும். சின்ன ஊரில் "ரொக்கமாகக் கொடுத்துடுங்க, இந்தக் காகிதமெல்லாம் எதுக்கு" என்பார்கள். அவசரப்படாதே. உங்கள் கிளை நகை மதிப்பீட்டாளரிடம் சொல். எந்தக் கிளையிலும் ஊர் முழுக்கத் தெரிந்த ஆள் அவர்தான். மூன்று தலைமுறை நகை எந்த வீட்டிலிருந்து வருகிறது, எந்த வீட்டில் மாடி காலி, எல்லாம் அவருக்கு அத்துப்படி.

கடைசியாக, முக்கியமானது. வாரா வாரம் ஊருக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறாய். முதல் மூன்று மாதம் வராதே. வந்து போய்க்கொண்டே இருந்தால் அந்த ஊர் உனக்கு ஒரு பஸ் ஸ்டாண்டாகவே இருக்கும்.

பஸ்ஸ்டாண்டு வாத்தியார் | ஜூன் 3, பிற்பகல் 1.15

மேலே ஐயா சொன்ன கடைசிப் பாராவில் எனக்கு உடன்பாடில்லை. மன்னிக்கவும்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியர். அந்தத் தாலுகாவில் நாலு வருடம் இருந்துவிட்டு கவுன்சிலிங்கில் மாறி வந்தவன். மூன்று மாதம் ஊருக்குப் போகாதே என்று சொல்வது ஆண்களுக்கு, அதுவும் சமைத்துப் போட ஆள் இருந்த காலத்து ஆண்களுக்கு, சரியாக இருக்கலாம். 26 வயதுப் பெண் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த ஊரில் என்ன செய்வார்? மூன்று மணிக்கு மேல் தெருவில் நாய்கூட நடக்காது. நான் போன புதிதில் ஞாயிறு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் டீ குடித்துக்கொண்டு, எந்த பஸ் எப்போது கிளம்புகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தப் பெயரே அதில் வந்ததுதான்.

வேலைக்குப் போகிறோம், சம்பளம் வாங்குகிறோம். ஊரோடு கல்யாணமா செய்துகொள்கிறோம்? இரண்டு மூன்று வருடம் ஓடிவிடும். அம்மாவைப் பார்க்கத் தோன்றினால் கிளம்பி வாருங்கள் தங்கச்சி, குற்ற உணர்ச்சி வேண்டாம்.

கணக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு இரண்டாவது, நாலாவது சனிக்கிழமைதான் லீவு. மற்ற வாரங்களில் சனி ராத்திரி மன்னார்குடியில் ஏறினால் ஞாயிறு விடிகாலை கோவை. அன்று நள்ளிரவை ஒட்டித் திரும்ப ஏறினால் திங்கள் காலை மன்னார்குடி, அப்புறம் இரண்டு பஸ். வண்டி அரை மணி தாமதமானால் பத்து மணிக்குக் கவுண்டரில் உட்கார முடியாது. மாதம் இரண்டு தடவை என்பதுதான் உடம்பு தாங்குகிற கணக்கு.

ஓய்வுபெற்ற மேலாளர் | ஜூன் 3, மாலை 4.50

வாத்தியாரே, சமைத்துப் போட ஆள் இருந்தது உண்மைதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாலு வருடம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து டீ குடித்ததாக நீங்கள்தான் சொல்கிறீர்கள். நான் சொன்னது அதைத்தான்.

பஸ்ஸ்டாண்டு வாத்தியார் | ஜூன் 3, மாலை 5.02

ஹாஹா. சரி, அந்த அடி எனக்கு வேண்டியதுதான்.

வெள்ளைச்சேலை | ஜூன் 4, இரவு 10.30

நான் கிராம சுகாதாரச் செவிலியராகத் தலைஞாயிறு பக்கம் இருந்தேன். இங்கே எல்லாரும் தண்ணீரையும் ரயிலையும் பற்றியே பேசுகிறீர்கள். அந்தப் பொண்ணு மூன்றாவதாக ஒன்று கேட்டிருக்கிறது.

வீடு பார்க்கப் போனால் முதல் கேள்வி "தனியாவா?" இரண்டாவது "கவிச்சி சாப்பிடுவீங்களா?" மூன்றாவது நேராக வராது. "உங்க சொந்தக்காரங்க இந்தப் பக்கம் யாராச்சும் இருக்காங்களா", "குலதெய்வம் எது" என்று சுற்றி வளைத்து வரும். என்ன சாதி என்பதுதான் கேள்வி. எனக்கு ஒரு வீடு இந்தக் கேள்வியில் போனது. சாவியை நீட்டின கை அப்படியே திரும்பிப் போச்சு. "எங்க அண்ணன் பையன் வர்றானாம்" என்றார் அந்த அம்மா. அந்த வீடு எட்டு மாதம் பூட்டியே கிடந்தது, தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போனேன். இது வேதாரண்யத்தில் மட்டும் நடப்பது இல்லை, கோவையிலும் நடக்கிறது. சின்ன ஊரில் மறுத்த ஆளின் முகத்தைத் தினமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். அவர் மகள் பிரசவத்துக்கு நான்தான் ஆம்புலன்சில் கூடப் போனேன், அது வேறு கதை.

பாதுகாப்பு என்று பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. ராத்திரி எட்டு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கினால், நீ யார், எந்த வீட்டு மாடி என்று ஆட்டோக்காரருக்குத் தெரிந்திருக்கும். தொல்லையும் அதுவேதான். நீ யாரோடு டீ குடித்தாய் என்பதும் தெரிந்திருக்கும். கூட வேலை பார்க்கிற பையன் வண்டியில் ஏறி வந்தால் மறுநாளே "மாப்பிள்ளையா?" என்பார்கள். நான் சிரித்துவிட்டு "ஆமா, ஆறாவது" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

உடம்புக்கு ஏதாவது என்றால் அரசு மருத்துவமனை ஊரிலேயே இருக்கிறது. பெரிதாக ஏதாவது என்றால் திருவாரூர் மருத்துவக் கல்லூரிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். வழக்கமாகச் சாப்பிடுகிற மாத்திரை இருந்தால் இரண்டு மாதத்துக்குக் கையில் வைத்துக்கொள்.

உப்புக்காற்று | ஜூன் 5, காலை 8.10

செவிலியர் அக்கா சொன்னதை எங்க ஊர்க்காரனாக மறுக்க முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

ஒன்று விட்டுப்போச்சு. வீடு எதுவானாலும் தளம் போட்ட வீடாகப் பாருங்கள். ஷீட் போட்ட மாடி வாடகை குறைவு என்று எடுத்துவிடாதீர்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் எங்க கரையில்தான் ஏறியது. எங்க வீட்டு மாமரம் ஏழும் போச்சு, தென்னை எண்ணவே இல்லை. கரண்டு வரப் பல வாரம். செல்போன் டவர் இல்லை, ஏ.டி.எம். இல்லை. சட்டைப்பையில் இருநூறு ரூபாய் ரொக்கம் இருந்தவன்தான் அன்றைக்குப் பணக்காரன். அக்டோபர் பிறந்ததும் கொஞ்சம் நோட்டு, ஒரு மூட்டை அரிசி, மெழுகுவத்தி. வங்கியில் வேலை பார்த்தாலும்தான்.

கொங்குப்பொண்ணு | ஜூலை 21, இரவு 8.15

மன்னிக்கணும், பதில் போட இவ்வளவு நாள் ஆகிவிட்டது. சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆச்சு.

வீடு கிடைத்தது. மேலாளர் ஐயா சொன்னபடி நகை மதிப்பீட்டாளர் அண்ணன்தான் பார்த்துக் கொடுத்தார். தளம் போட்ட மாடி, ஐயாயிரம் வாடகை, கீழே வீட்டுக்கார அம்மா. நாலு வீட்டில் கொப்பளித்துத் துப்பிவிட்டு ஐந்தாவதைப் பிடித்தேன். மூன்றாவது வீட்டில் அந்தச் சுற்றி வளைத்த கேள்வி வந்தது. அம்மா பதில் சொல்ல வாயெடுத்தார், நான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அம்மா ஊருக்குப் போன மறுவாரம் ஒரு கூத்து. ஆபீஸ் முடிந்து வந்தால் கேட் பூட்டு திறக்கவில்லை. சாவி உள்ளே போகிறது, திரும்பவே இல்லை. இருபது நிமிடம் மல்லுக்கட்டினேன். எதிர்வீட்டுப் பாட்டி திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர் எழுந்து உள்ளே போய், ஒரு கோழி இறகைத் தேங்காயெண்ணெயில் நனைத்துக்கொண்டு வந்தார். பூட்டு ஓட்டைக்குள் விட்டு நாலு சுற்று. சாவியைப் போடச் சொன்னார். திறந்தது. "வாரம் ஒருக்கா எண்ணெய் காட்டணும், இல்லன்னா கோச்சுக்கும்" என்றார். அப்பர் பதிகம் பாடிக் கோயில் கதவைத் திறந்த ஊர் இது. முழுப் பதிகமும் பாடிய பிறகுதான் திறந்ததாம், சம்பந்தர் ஒரே பாட்டில் மூடிவிட்டாராம். இதையும் பாட்டிதான் சொன்னார். எனக்கு இறகு போதுமாக இருந்தது.

ஆபீசில் எல்லாருக்கும் நான் 'கோயமுத்தூர் மேடம்'. நான் 'சொல்லுங்க', 'இருங்க', 'ஆமாங்க' என்று போடுகிற 'ங்க'வை எண்ணிச் சிரிக்கிறார்கள்.

வேலை சுலபமில்லை. 15ஆம் தேதி மகளிர் உரிமைத் தொகை ஏறிவிட்டால் ஒன்பதே முக்காலுக்கே படிக்கட்டு வரை பெண்கள். போன வாரம் அகஸ்தியம்பள்ளி உப்பளத்திலிருந்து ஒரு அம்மா, அறுபது வயது இருக்கும். கைரேகை மெஷின் எடுக்கவே இல்லை. ஐந்து விரலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாச்சு. சேலையில் துடைத்துவிட்டு உள்ளங்கையை எனக்குக் காட்டினார். விரல் நுனி வழவழவென்று, தேய்ந்த சோப்பு மாதிரி. "ரேகைய உப்பு தின்னுடுச்சு பாப்பா" என்றார், ஏதோ கோழி நெல்லைத் தின்றதைச் சொல்வது போல. அப்புறம் படிவத்தில் மையிட்டுப் பெருவிரல் வைக்கச் சொல்லி, சாட்சிக் கையெழுத்து வாங்கிப் பணம் கொடுத்தோம். தாளில் விழுந்ததும் ஒரு நீல வட்டம்தான், கோடே இல்லை.

ஊருக்கு? இரண்டு தடவை வந்தேன் வாத்தியார் ஐயா. குற்ற உணர்ச்சி இல்லை, முதுகுவலி இருந்தது.

ஓய்வுபெற்ற மேலாளர் | ஜூலை 22, காலை 6.05

அந்த அம்மாவுக்குக் கண் பதிவு முறையில் எடுக்கும் கருவி உங்கள் பக்கத்து வங்கி முகவரிடம் இருக்கிறதா என்று விசாரி. இல்லாவிட்டால் ஒவ்வொரு மாதமும் இதே கதைதான். செப்டம்பரில் சம்பா நடவுக்கு நகைக் கடன் குவியும், இப்போதே பெட்டகத்தில் இடம் பார்த்து வை. அறுவடை முடிந்து தை, மாசியில் மீட்க வருவார்கள். வேலை பழகப் பழக ஊரின் காலண்டர் உன் லெட்ஜரில் தெரியும்.

பஸ்ஸ்டாண்டு வாத்தியார் | ஜூலை 22, இரவு 9.00

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறீர்கள்? அதைச் சொல்லவே இல்லையே.

கொங்குப்பொண்ணு | டிசம்பர் 8, மாலை 6.30

வாத்தியார் ஐயா கேட்டதற்கு நாலு மாதம் கழித்துப் பதில்.

ஞாயிறு மத்தியானம் நீங்கள் சொன்ன மாதிரியேதான், நாய்கூட நடக்கவில்லை. ஆகஸ்டில் இரண்டு ஞாயிறு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அப்பாவுக்குப் போன் போட்டால் குரலில் தெரிந்துவிடும் என்று போனையும் எடுக்கவில்லை. இதை எழுதாமல் விட்டால் அடுத்து இந்த இழையைப் படிக்கிறவருக்கு நான் பொய் சொன்னதாகிவிடும்.

செப்டம்பரில் எதிர்வீட்டுப் பாட்டி முல்லை கட்டக் கூப்பிட்டார். கருப்பம்புலத்திலிருந்து மொட்டு வருகிறது, தெருவில் நாலைந்து பேர் உட்கார்ந்து கட்டுகிறார்கள். எனக்குக் கட்டத் தெரியாது. நான் கட்டிய முழத்தைப் பார்த்துவிட்டுப் பாட்டி அதை விற்காமல் என் தலையிலேயே வைத்துவிட்டார். இப்போது ஞாயிறு மூன்று மணிக்கு அங்கேதான். அங்கேயும் வேலை விடாது. "மேடம், என் லோன் என்னாச்சு" என்று பூ தொடுக்கிற கை நிற்காமலேயே கேட்கிறார்கள். மீன் கடையிலும் அதே கேள்வி. ஒருவர் நான் வாங்கிய வாவல் மீனைச் செதில் எடுத்துக்கொண்டே பயிர்க் கடன் வட்டியைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது "நாளைக்கு டோக்கன் போடுங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு மீனை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

நவம்பர் கடைசியில் மூன்று நாள் விடாமல் மழை. கரண்டு ஒன்றரை நாள் இல்லை. உப்புக்காற்று அண்ணன் சொன்ன நோட்டும் மெழுகுவத்தியும் இருந்தன, தீப்பெட்டி நமத்துவிட்டது. கீழ்வீட்டு அம்மாதான் தூக்குச்சட்டியில் ரசம் சாதம் கொண்டு வந்தார். கிளைக்கு முழங்கால் தண்ணீரில் நடந்து போனேன். திறந்தால் வந்திருந்தது நாலே பேர், அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

மழை விட்ட ஞாயிறு அப்பா வந்தார். கோடியக்கரைக்குக் கூட்டிப் போனேன். அவர் தினமும் கேட்டுக்கொண்டிருந்த கிலோமீட்டர்தான். வெளிமான் கூட்டத்தைப் பார்த்தோம். பூநாரை தூரத்தில் ஒரு ரோஜா நிறக் கோடு மாதிரி, அப்பா அதை உப்புக் குவியல் என்றார், பறந்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

முத்துப்பேட்டைக்கு | டிசம்பர் 10, இரவு 11.20

இன்றைக்குத்தான் முழு இழையையும் படித்தேன். எனக்கு ஜனவரியில் முத்துப்பேட்டை. சொந்த ஊர் சேலம். ஒரு கேள்வி மட்டும்: அக்கா, நீங்கள் கோவைக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போடுவீர்களா, இல்லை அங்கேயே இருந்துவிடுவீர்களா?

கொங்குப்பொண்ணு | டிசம்பர் 11, காலை 7.50

எழுதிப் போடுவேன் தம்பி. புரொபேஷன் முடிகிற அன்றைக்கே போடுவேன், அப்பாவுக்கு வயதாகிறது. பாட்டியிடமும் சொல்லிவிட்டேன். "போறப்ப அந்தப் பூட்டக் குடுத்துட்டுப் போ, நல்ல பூட்டு" என்றார்.

முத்துப்பேட்டையில் எனக்கு யாரையும் தெரியாது, ஆனால் எங்கள் நகை மதிப்பீட்டாளர் அண்ணனின் மச்சான் அந்த ஊர்தானாம். என்ன வாடகைக்குள் வேண்டும், மாடியா கீழா, தனிச் செய்தியில் எழுது. கேட்டுச் சொல்கிறேன்.